ஓலைக்கு முந்தைய சனிக்கிழமை

— இன்னும் கொஞ்சம் அழுத்துங்க, எல்வின்.

— சத்தம் வருது, மெலிசா.

— வரும். வரணும்.

— எலும்பு முறியற மாதிரி வருது. ஒரு நிமிஷம். கைய எடுத்துட்டு மறுபடி பாத்துக்கிறேன்.

— இதோட மூணு தடவ எடுத்துட்டீங்க. பிராசஸர் நேராத்தான் உட்கார்ந்திருக்கு. மூலையில இருக்கிற முக்கோணமும் சாக்கெட் முக்கோணமும் சேர்ந்திருக்கு. நான் பாத்துட்டேன். அந்தக் கம்பிய கீழ தள்ளி கொக்கியில மாட்ட வேண்டியதுதான் பாக்கி.

— அடியில ஆயிரத்து எழுநூறு ஊசி இருக்கு. ஒவ்வொண்ணும் தலமுடி கனம். ஒண்ணு வளைஞ்சாலும் போர்டு போச்சு.

— தினமும் எட்டு மணி நேரம் மைக்ராஸ்கோப்புல நான் பாக்குறது வேற என்ன? குளுவாங் ஃபேக்டரியில என் கண்ணத் தாண்டாம ஒரு போர்டு வெளிய போகாது.

— அப்ப நீங்களே அழுத்துங்க.

— நகருங்க. ஆச்சு.

— ஆச்சா?

— ஆச்சு. அடுத்தது.

— நீங்க யோசிக்கவே இல்ல.

— அதான் இருநூறு வீடியோ பாத்து நீங்க யோசிச்சாச்சே. ரெண்டு பேரும் யோசிச்சுக்கிட்டே இருந்தா யாரு லா அழுத்துறது?

— பிள்ளைங்களா, முடிஞ்சுதா?

— இல்லம்மா. இப்பத்தான் கம்ப்யூட்டருக்கு மூளைய வச்சிருக்கோம்.

— மாதாவே! காலைல பத்து மணிக்கு உட்கார்ந்தது, இன்னும் மூளையே இப்பத்தானா? ஏம்மா மெலிசா, நீயாவது இவனுக்குச் சொல்லு. நாளைக்கு உங்க கல்யாணத்துக்கு முதல் ஓலை. ஃபாதர் பூசையில நின்னு, 'இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் விவாகம், தடை இருந்தா சொல்லுங்க'ன்னு மூணு ஞாயிறு வாசிக்கப் போறாரு. ஓலைக்கு முதல் நாள் மத்த வீட்டுல எல்லாம் பொண்ணும் மாப்பிள்ளையும் துணி எடுக்கப் போவாங்க. இந்த வீட்டுல ரெண்டும் திருப்புளி பிடிச்சுக்கிட்டு தரையில உட்கார்ந்திருக்குதுங்க.

— நான்தான் வரேன்னு சொன்னேன், அத்தை.

— நீ சொல்லுவே லா. உன் குணம் தங்கம். அதனாலதானே லாபிஸ்ல உங்க வீடு வரைக்கும் வந்து பொண்ணு கேட்டேன்! நாளைக்குப் பூசை முடிஞ்சதும் ஹால்ல அம்பது பேருக்கு பிரியாணி சொல்லியிருக்கேன். உங்கப்பா அமலதாஸ் வேன் பிடிச்சு எல்லாரையும் கூட்டிட்டு வராராம். இந்த லாயாங் லாயாங் ஊர்ல எனக்கு இருக்கிறது ஒரே பிள்ள. ஒரு குறையும் வைக்க மாட்டேன். சரி, அந்த வேலைய முடிச்சுட்டு சாப்பிட வாங்க. மீன் கறி ஆறுது.

— அத்தை போயிட்டாங்களா?

— போயிட்டாங்க. ஏன்?

— ஒண்ணு கேக்கணும். சூடு கடத்துற அந்த பேஸ்ட் ட்யூப குடுங்க. கேட்டுக்கிட்டே வைக்கிறேன்.

— பட்டாணி அளவு. நட்ட நடுவுல.

— தெரியும். எல்வின், இந்த பவர் சப்ளைய தேர்ந்தெடுக்க உங்களுக்கு எத்தன நாள் ஆச்சு?

— மூணு வாரம்.

— மூணு வாரம் அதுல என்ன பாத்தீங்க?

— லோடு ஏறினா வோல்டேஜ் ஆடுதா, சூடானா தாங்குதா, எங்கேயாவது கோளாறு வந்தா தன்னைத்தானே நிறுத்திக்குதா. மத்த சாமான் கெட்டா அது மட்டும்தான் கெடும். இது கெட்டா எல்லாத்தையும் கூட்டிக்கிட்டுப் போயிடும்.

— கிராஃபிக்ஸ் கார்டுக்கு?

— அஞ்சு மாசம். புது மாடல் வரப்போவுதுன்னு மூணு மாசம் காத்திருந்தேன். வந்தப்புறம் அத பழசோட ஒப்பிட்டுப் பாக்க ரெண்டு மாசம். அளவுக்கு அட்டையில ஒண்ணு வெட்டி வச்சும் பாத்தேன்.

— கேசிங்?

— ஒன்பது நாள். அது சும்மா பெட்டிதானே?

— எனக்கு?

— உங்களுக்கு என்ன?

— என்னைத் தேர்ந்தெடுக்க எத்தன நாள் ஆச்சு?

— மெலிசா.

— நான் சொல்றேன். ஒரு சாயங்காலம். அதுலயும் பாதி நேரம் எங்கப்பா ரப்பர் மரத்தப் பத்திப் பேசினாரு. ரெண்டு முறுக்கு சாப்பிட்டீங்க. அத்தை 'எனக்குப் பிடிச்சிருக்கு'ன்னாங்க. நீங்க 'அம்மாவுக்குப் பிடிச்சா சரி'ன்னீங்க. சும்மா பெட்டிக்கு ஒன்பது நாள், எல்வின்.

— அது மரியாதைக்குச் சொன்ன வார்த்த.

— பவர் சப்ளைகிட்ட மரியாதைக்கு ஒரு வார்த்தையும் சொல்லலையே?

— பட்டாணி அளவுன்னேன். நீங்க பட்டாணித் தோட்டமே போட்டுட்டீங்க.

— பேச்ச மாத்தாதீங்க.

— மாத்தல. துடைச்சுட்டு மறுபடி வைங்க. கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்.

— சரி. சுத்தி வளைக்காம சொல்லிடுறேன். நேத்து சாயங்காலம் நான் ஃபாதருக்கு ஃபோன் பண்ணினேன். இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள நானே கூப்பிட்டு 'வாசிங்க'ன்னு சொன்னாத்தான் நாளைக்கு ஓலை. நான் கூப்பிடலைன்னா வாசிக்க வேணாம். அப்படிச் சொல்லி வச்சிருக்கேன்.

— நேத்தா?

— நேத்துதான். அப்பாவுக்குத் தெரியாது. அத்தைக்கும் தெரியாது.

— ஃபாதர் என்ன சொன்னாரு?

— 'சரிம்மா, ஜெபம் பண்ணு'ன்னாரு. ஜெபம் பண்ணினேன். அதுக்கப்புறம்தான் இங்க வரணும்னு தோணிச்சு. ஒரு ஆள்கூட உட்கார்ந்து ஒரு வேலைய முழுசா செஞ்சு பாத்தா ஆள் தெரிஞ்சுடும்.

— மணி என்ன?

— ரெண்டே கால்.

— அப்ப நேரம் இருக்கு. கூலர மாட்டலாம்.

— இவ்வளவுதானா?

— நாலு ஸ்க்ரூ. குறுக்க குறுக்கத்தான் முடுக்கணும். ஒரு பக்கமே முடுக்கினா சாயும்.

— கோவப்படுவீங்கன்னு நினைச்சேன். இல்லைன்னா கெஞ்சுவீங்கன்னு.

— அழுத்துறதுல நான் கெட்டிக்காரன் இல்லன்னுதான் பாத்துட்டீங்களே.

— சிரிக்க வைக்காதீங்க, ஸ்க்ரூ நழுவுது. அது சரி, இவ்வளவு பாடும் எதுக்கு? எந்த கேமுக்கு?

— விமானம் ஓட்ட. நிஜமான மேகம், நிஜமான ஓடுபாதை எல்லாம் வரும். பழைய கம்ப்யூட்டர்ல மேகம் வந்தா படமே உறைஞ்சுடும்.

— நீங்க வேல செய்யறது ஏர்போர்ட்லதானே?

— பெட்டி ஏத்தற வேல. பதினொரு வருஷமா விமானத்தோட வயித்த மட்டும்தான் பாக்குறேன். வீட்டுலயாவது முன்னாடி உட்காரலாமேன்னு.

— இத அன்னிக்கு சாயங்காலம் சொல்லியிருந்தா நான் ஃபாதருக்கு ஃபோனே பண்ணியிருக்க மாட்டேன்.

— யாரும் கேக்கல. ரப்பர் மரத்தப் பத்தித்தான் பேச்சு.

— போர்ட தூக்குங்க. நான் கேசிங்க பிடிச்சுக்கிறேன். ஓரத்த மட்டும் பிடிங்க. மெதுவா. உக்காந்துடுச்சு. ஒன்பது ஸ்க்ரூவும் நீங்க போடுங்க, நான் எண்ணுறேன்.

— எல்வின்! மெலிசா! மீன் செத்து ரெண்டு நாள் ஆச்சு, இன்னும் உங்களுக்காகக் காத்திருக்கு!

— வந்துட்டோம், அத்தை.

— உட்காரும்மா. சோறு போட்டு வச்சிருக்கேன். நீங்க சாப்பிடுங்க, நான் போயி அந்த ரூம கூட்டிட்டு வரேன். ஒரே பிளாஸ்டிக்கும் நுரையும்.

— அம்மா, ஈரத் துணி மட்டும் அந்தப் பக்கம் கொண்டு போகாதீங்க.

— தண்ணியே கொண்டு போகல லா! உன் பெட்டிய நான் என்ன தின்னுடுவேனா?

— மூணே கால், எல்வின். கறி நல்லா இருந்துச்சு. அத்தை கூட்டினதுல ரூமும் பளிச்சுன்னு இருக்கு. இந்தக் கைப்பட்டைய மாட்டிக்குங்க. உடம்பு மின்சாரம் போர்டுல இறங்கக் கூடாது. எங்க ஃபேக்டரியில இது இல்லாம ஆளையே உள்ள விட மாட்டாங்க.

— பெரிய வயர் போர்டுக்கு. இந்த எட்டு முனை வயர் பிராசஸருக்கு. அது கார்டுக்கு. மாத்தி மாட்டிடக் கூடாதுன்னு ஒவ்வொண்ணுக்கும் பேர் எழுதி ஒட்டியிருக்கேன்.

— 'இவர் கார்டுக்குச் செல்பவர்.' வயருக்குக்கூட மரியாதையா?

— பிழையா எழுதினா பிழையா மாட்டுவோம்.

— இந்தப் பொடி வயருங்க?

— சுவிட்ச், லைட்டு. ரெண்டும் அடுத்தடுத்து. கண்ணு தெரியல எனக்கு.

— எனக்குத் தெரியுது. ஆச்சு. ஆச்சு. கார்ட வைங்க. 'டிக்'குன்னு ஒரு சத்தம் கேக்கணும்.

— கேட்டுச்சு.

— பாத்தீங்களா, இந்தத் தடவ கைய எடுக்கல.

— நீங்க பக்கத்துல இருந்தீங்க. சரி, ஸ்கிரீன் வயர் கார்டுல. பின்பக்க சுவிட்ச் போட்டாச்சு. அழுத்தவா?

— உங்க மெஷின். உங்க விரல்.

— ஒரு நிமிஷம். சரி.

— சுத்துது! இல்ல, நின்னுடுச்சு.

— மறுபடி அழுத்துறேன்.

— ஃபேன் அரைச் சுத்து சுத்துது, 'டிக்', அவ்வளவுதான்.

— ஷார்ட். எங்கேயோ ஷார்ட் ஆவுது. பவர் சப்ளை தன்னைத்தானே நிறுத்திக்குது.

— மூணு வாரம் வீண் போகல.

— கேலி பண்றீங்க.

— பயத்துல பண்றேன். எல்வின், அந்தக் கம்பிய அழுத்தினது நான்.

— தெரியும்.

— ஊசி வளைஞ்சிருந்தா அது என் கை. எங்க இடத்துல ஒரு போர்டு ஃபெயிலானா மொதல்ல கேக்குற கேள்வி, 'யாரு ஷிப்ட்?' பேர எழுதி கேன்டீன் வாசல்ல ஒட்டுவாங்க. ரெண்டு தடவ என் பேரும் தொங்கியிருக்கு. அதுல ஒண்ணு என் தப்பே இல்ல.

— யாருன்னு தெரிஞ்சு என்ன பண்றது? எங்கன்னு தெரிஞ்சா போதும்.

— என்ன சொன்னீங்க?

— எங்கன்னு தெரிஞ்சா போதும்னேன். ஏன் அப்படிப் பாக்குறீங்க?

— ஒண்ணும் இல்ல. எங்கேருந்து ஆரம்பிக்கலாம்?

— நான் மாட்டினதுலேருந்து. அதுலதான் தப்பு இருக்க வாய்ப்பு ஜாஸ்தி. மொதல்ல கார்டு. கழட்டிட்டேன். அழுத்துங்க.

— டிக்.

— ரேம் ஒண்ண எடுத்துடுறேன். இப்ப?

— டிக்.

— அப்ப போர்டையே வெளிய எடுத்துடலாம். அது வந்த அட்டைப்பெட்டி மேல வச்சு ஓட்டிப் பாக்கலாம். அட்டையில மின்சாரம் ஓடாது.

— மாட்டினதெல்லாம் வீணா?

— கழட்டத் தெரிஞ்சதுதானே? ஒன்பது ஸ்க்ரூ. இந்தத் தடவ நான் எண்ணுறேன், நீங்க கழட்டுங்க.

— ஒன்பது. தூக்குங்க. உள்ள ஏதோ 'கிளிங்'குன்னு விழுந்துச்சு.

— அப்புறம் பாக்கலாம். வயர மாட்டிட்டேன். சுவிட்ச் இங்க இல்ல, திருப்புளி முனையால அந்த ரெண்டு ஊசியையும் ஒரு தொடு தொடுங்க.

— தொட்டேன். சுத்துது. எல்வின், சுத்துது, நிக்கல!

— போர்டு நல்லா இருக்கு.

— என் கையும் நல்லா இருக்கு.

— அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. கோளாறு கேசிங்லதான். டார்ச் அடிச்சு உள்ள பாருங்க. ஏதோ விழுந்துச்சுன்னீங்களே.

— கீழ கிடக்குது. ஸ்க்ரூ இல்ல. சங்கிலி. வெள்ளிச் சங்கிலி. அதுல மாதா பதக்கம் தொங்குது.

— அம்மா.

— அத்தையா?

— நாம சாப்பிட்டப்ப. போர்டுக்கும் பின்தகட்டுக்கும் நடுவுல, யாரு கண்ணுலயும் படாத இடமாப் பாத்து விட்டிருக்காங்க. வீடு கட்டினப்ப நிலைவாசலுக்குக் கீழ ஒண்ணு பொதச்சாங்க. என் மோட்டார்சைக்கிள் சீட்டுக்குக் கீழ ஒண்ணு இருக்கு. புதுசா எது வந்தாலும் உள்ள ஒரு மாதா போகணும்.

— மெஷின காப்பாத்தத்தானே வச்சாங்க?

— இன்னிக்குக் காப்பாத்தினது பவர் சப்ளை.

— மெதுவா! காலடி கேக்குது.

— ஐயோ, என்னய்யா இது? சாப்பிடும்போது சேர்ந்திருந்தது எல்லாத்தையும் பிரிச்சுப் போட்டிருக்கீங்க?

— ஒரு ஸ்க்ரூவ உள்ள தவற விட்டுட்டேன்மா. அதான் ஓடல. என் தப்பு.

— அலமாக்! கையில என்னத்த மூடி வச்சிருக்கே?

— அந்த ஸ்க்ரூதான்.

— பாத்தியா மெலிசா, சின்னப் பிள்ளையிலேருந்து இப்படித்தான். நல்ல வேள, பெருசா ஒண்ணும் ஆகல. மாதா கைவிடல.

— ஆமா அத்தை. கைவிடல.

— சரி, நான் சர்ச் வரைக்கும் போயிட்டு வரேன். பூ வைக்கணும். அப்படியே ஓலைச் சீட்டுல பேரெல்லாம் சரியா எழுதியிருக்கான்னு ஃபாதர்கிட்ட ஒரு தடவ பாத்துட்டு வந்துடுறேன்.

— இன்னிக்கு வேணாம்மா. மழை வரும்.

— வெயில் மண்டைய பிளக்குது, மழையா?

— அஞ்சு மணிக்கு வரும். நேத்தும் வந்துச்சு. பூவ காலைல வச்சுக்கலாம், நானே கொண்டு விடுறேன். உங்க முட்டி வேற வலிக்குதுன்னீங்க.

— வலிக்கத்தான் செய்யுது. சரி, படுக்கிறேன். தேத்தண்ணி வேணும்னா எழுப்புங்க.

— நல்ல வேள தடுத்தீங்க, எல்வின். போயிருந்தாங்கன்னா ஃபாதர் விஷயத்தச் சொல்லியிருப்பாரு.

— ஆமா. சொல்லியிருப்பாரு.

— ஆனா சரளமா பொய் வருது உங்களுக்கு.

— உண்மையச் சொன்னா அம்மா இனிமே இந்த வீட்டுல எதையும் தொடப் பயப்படுவாங்க. ஒரு ஸ்க்ரூ பழி எனக்குக் கனமில்ல.

— சரி. அவங்ககிட்ட ஒரு தடவயாவது முடியாதுன்னு சொல்லியிருக்கீங்களா?

— அடிக்கடி இல்ல.

— இனிமே சொல்லுவீங்களா?

— தேவைப்பட்டா.

— அதப் பாக்கணும்னுதான் வந்தேன். அதப் பாக்க முடியல. வேற ஒண்ணப் பாத்தேன்.

— என்னத்த?

— அப்புறம் சொல்றேன். அந்தப் பதக்கத்த என்ன பண்ணப்போறீங்க?

— உள்ளேயே வைக்கிறேன். சங்கிலிய கழட்டிட்டு, முன்பக்கத்து பிளாஸ்டிக்ல ஒட்டிடலாம். அங்க கரண்ட் ஓடாது. அம்மா திறந்து பாத்தா இருக்கணும்.

— இடம் மாறியிருக்கேன்னு கேட்டாங்கன்னா?

— கேக்க மாட்டாங்க. மாதா தானே நடந்து வந்துட்டாங்கன்னு ஊரெல்லாம் சொல்லுவாங்க.

— போதும், வயிறு வலிக்குது. வாங்க, மாட்டலாம். ஒன்பது ஸ்க்ரூ.

— ஒன்பது. ரேம். கார்டு. வயர். பின் சுவிட்ச்.

— இந்தத் தடவ 'ஒரு நிமிஷம்' சொல்லலையா?

— அழுத்திட்டேன்.

— சுத்துது. சுத்துது. சுத்திக்கிட்டே இருக்கு. ஸ்கிரீன் வந்துடுச்சு, எல்வின்! எழுத்து வருது பாருங்க!

— பிராசஸர் தெரியுது. ரேம் ரெண்டும் தெரியுது. கார்டும் தெரியுது. சூடு முப்பத்தெட்டு. உங்க பட்டாணி அளவு சரியாத்தான் இருந்திருக்கு.

— மணி நாலு அம்பது.

— மெலிசா, ஃபோன வைங்க. அதுக்கு முன்னாடி நான் ஒண்ணு சொல்லணும்.

— அப்புறம் சொல்லுங்க. பத்து நிமிஷம்தான் இருக்கு. ஹலோ, ஃபாதர்? மெலிசா பேசறேன். வாசிங்க, ஃபாதர். ஆமா, நானேதான் சொல்றேன். இல்ல, யாரும் சொல்லிக் கொடுக்கல. பக்கத்துல இருக்காரு, ஆனா அவருக்கே இப்பத்தான் தெரியும். என்ன ஃபாதர்? எத வாங்கிட்டுப் போனாரு? எப்ப? சரி ஃபாதர். இல்ல, நான் கேக்குறேன். கேட்டுட்டுக் கூப்பிடுறேன்.

— மெலிசா.

— இன்னிக்குக் காலைல ஆறு மணிக்கு நீங்க சர்ச்சுக்குப் போயி, நாளைக்கு வாசிக்க வேணாம்னு ஓலைச் சீட்ட திருப்பி வாங்கிட்டீங்களாம்.

— ஆமா. சட்டப் பையில இருக்கு.

— அப்ப நான் அஞ்சு மணிக் கெடு சொன்னப்ப, நாளைக்கு ஓலையே இல்லன்னு தெரிஞ்சுக்கிட்டேதானா கூலர் மாட்டிக்கிட்டு இருந்தீங்க?

— ஆமா.

— அம்பது பேருக்குச் சாப்பாடு சொல்லியிருக்காங்க. அத்தைக்குத் தெரியுமா?

— உங்கள ரயிலேத்தி விட்டுட்டு வந்து சொல்லணும்னு இருந்தேன்.

— என்னைப் பிடிக்கலையா?

— பிடிக்கலைன்னா வாசிக்க விட்டிருப்பேன்.

— அப்புறம் ஏன்? மத்தியானமே சொல்லியிருக்கலாமே?

— சொல்லியிருந்தா நீங்க கோவத்துல வேணாம்னிருப்பீங்க, இல்ல பாவம் பாத்து சரின்னிருப்பீங்க.

— நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. ஏன் வாங்கினீங்க?

— போன மாசம் ஃபாதர் ரெண்டு குடும்பத்தையும் உட்கார வச்சு, 'மெலிசா, உனக்குச் சம்மதமா'ன்னு கேட்டாரு. நீங்க சரின்னு சொல்றதுக்கு முன்னாடி உங்கப்பா முகத்தப் பாத்தீங்க. அது உங்க சம்மதமா, அவரோடதான்னு எனக்குத் தெரியல; அதான் வாங்கினேன்.